கதவுக்கு ஒரு முழம் பூ

செல்லப்பழம் அண்ணாச்சிக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட வடிவம்மைக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. அவர் கைகட்டி நிற்பதும், அந்த அம்மை அவரை 'அண்ணாச்சி' என்று கூப்பிடுவதும் பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். அவர்கள் இரண்டு பேருக்கும் அதில் வேடிக்கை ஒன்றும் இல்லை.

அன்று தட்டு நிறையப் பழமும் வெற்றிலையுமாக அண்ணாச்சி அம்மையின் மடத்துக்கு வந்தார்.

“வெள்ளிக்கிழமை உலையைத் திரும்ப மூட்டுறோம்மா. உங்க கையால தீ வைக்கணும்.”

அவருடைய ஆலை ஓடைக்கரையில் இருக்கிறது. தேய்ந்த டயர்களைப் பெரிய இரும்பு உருளைக்குள் அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, அடியில் தீ மூட்டி வேகவைப்பார்கள். எண்ணெய் தனியாக வரும். உருளைக்குள் கம்பியும் கரித்தூளும் மிஞ்சும். ஆறிய பிறகு கதவைத் திறந்து அதை அள்ள வேண்டும். போன கோடையில் அந்த ஆலையை அதிகாரிகள் வந்து பூட்டிவிட்டுப் போனார்கள்.

“அதிகாரிங்க சொன்னதெல்லாம் செஞ்சாச்சா அண்ணாச்சி?”

“ஒண்ணு விடலம்மா. டயரையெல்லாம் கூரைக்குள்ள ஏத்தியாச்சு. இனிமே மழைத்தண்ணி தேங்கிக் கொசு அடையாது. புகையைக் கழுவித்தான் வெளிய விடுறோம். கழுவுன தண்ணி ஓடைக்குப் போகாது, தொட்டிக்குள்ளயே சுத்தும். கரித்தூள் கொட்ட நாலு பக்கமும் அடைச்ச ரூம்பு. தீப்பிடிச்சா அணைக்க மணலு, தண்ணி. அஞ்சாம் வகுப்பு தாண்டாதவன் இதுக்கு மேல என்ன செய்ய?”

“நல்லது.”

“நல்லதுதான். ஆனா என் வாய்ல மண்ணைப் போட்டவ ஒருத்தி இருக்காளே, அவளை நெனச்சாத்தான் வயிறு பத்தி எரியுது.”

பேராச்சியைத்தான் சொன்னார். ஆலைக்கு அடுத்தது அவளுடைய மல்லிகைத் தோட்டம். மொட்டெல்லாம் கரி படிந்துபோய், பூ மார்க்கெட்டில் ஒருத்தரும் வாங்க மாட்டேன் என்றதும், அந்தக் கருத்த மொட்டைக் கூடையோடு கொண்டுபோய் கலெக்டர் மேசையில் கொட்டிவிட்டு வந்தவள். மறு வாரம் ஆலைக்குப் பூட்டு விழுந்தது.

“பூட்டுன பிறகு என்ன நடந்துது?” என்று கேட்டார் வடிவம்மை. அவருக்குத் தெரிந்த கதைதான்.

அண்ணாச்சியின் குரல் இறங்கியது.

“உருளையைப் பிரிச்சுப் பாத்தாங்க. கதவைச் சுத்தி இருந்த அடைப்பு கருகித் தூளா உதிருது. போல்ட்டெல்லாம் விண்டு போயிருக்கு. இன்னும் ஒரு தடவை மூட்டியிருந்தா கதவு பறந்திருக்கும்னு மெக்கானிக்கு சொல்லிட்டாரு. கதவுக்கு நேரா நிக்கிறது நம்ம சுடலைமணிம்மா. அவன் பொண்டாட்டி அப்ப மாசமா இருந்தா. இப்ப பொம்பளப்பிள்ளை.”

“யாருக்கெல்லாம் நன்றி சொன்னீங்க?”

“திருச்செந்தூர்ல மொட்டை போட்டேன். மெக்கானிக்குக்கு வேட்டி சட்டை எடுத்துக் குடுத்தேன். புதுசாக் கதவு செஞ்சு குடுத்த பட்டறைக்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். இதோ, உங்க கால்ல விழுந்தாச்சு.”

“வேற யாரு?”

“வேற யாரும் இல்ல.”

வடிவம்மை வெற்றிலையைத் தட்டின் ஓரமாக ஒதுக்கி வைத்தார்.

“வாரேன். கதவுக்குப் போட ஒரு முழம் மல்லி வேணும்.”

“சங்கரன்கோயில்ல இருந்து வண்டி வச்சுக் கொண்டாந்துடுறேன்.”

“பக்கத்துத் தோட்டத்துல இருக்குமே.”

அண்ணாச்சி தரையைப் பார்த்தார். “டிரைவரை அனுப்பி வாங்கிடுறேன்.”

“நீங்கதான வாங்கித் தரணும்?”

வெள்ளிக்கிழமை விடியலில் அண்ணாச்சி வேலியோரம் போய் நின்றார். பேராச்சி குனிந்து மொட்டுப் பறித்துக்கொண்டிருந்தாள். வந்திருப்பது யார் என்று தெரிந்தும் நிமிரவில்லை.

“ஒரு முழம் பூ வேணும்.”

“வெள்ளையா வேணுமா, கருப்பா வேணுமா? கருப்பு இப்ப இல்ல. உங்க மில்லு பூட்டுனதுல இருந்து வரத்து நின்னு போச்சு.”

“பூசைக்குக் கேட்டேன்.”

“எங்க ஊரு சாமிக்கு என் பூ ஆகாதுன்னு அடுத்த ஊருப் பூவைச் சாத்துன மொதலாளி நீங்கதான?”

அண்ணாச்சிக்குக் காது சுட்டது. அம்மை மட்டும் கேட்டிருக்காவிட்டால் அந்த இடத்திலேயே திரும்பியிருப்பார். பேராச்சி ஒரு முழம் கட்டி, வேலிக்கு மேலே கையை நீட்டிக் கொடுத்தாள். முழம் நீளமாகவே இருந்தது. அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

வடிவம்மை சூடம் கொளுத்தி உலையில் தீ வைத்தார். அண்ணாச்சி மாலையோடு உருளைக் கதவுப் பக்கம் போனார். வழக்கம் அதுதான். மூட்டும்போது கதவுக்குப் பூப் போடுவார்கள்.

“இப்ப வேண்டாம். திறக்கும்போது போடுவோம்.”

“அதுக்குள்ள வாடிப்போயிருமேம்மா.”

“அன்னைக்குப் புதுசா வாங்கிக்கிடுங்க.”

அண்ணாச்சி சுடலைமணியைப் பார்த்தார். சுடலைமணி வேறு பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டான்.

சனிக்கிழமை மத்தியானமே கரித்தூள் ஏற்ற லாரி வந்துவிட்டது. பொழுது சாய்ந்தும் கதவு திறக்கவில்லை. லாரிக்காரர் ஹாரனை அடித்தபடி இருந்தார்.

“அண்ணாச்சி, முன்னெல்லாம் இந்நேரம் பாதி லோடு ஏத்தியிருப்போம்! என்ன, உருளைக்குள்ள பிரசவமா நடக்குது?”

அவர் சொன்னது பொய்யில்லை. முன்பெல்லாம் சூடு முழுக்க இறங்குவதற்கு முன்னாலேயே திறந்துவிடுவார்கள். தூள் குபுகுபுவென்று கிளம்பும். சில நாள் உள்ளே கனன்று பிடிக்கவும் செய்யும். தண்ணீரை வீசி அணைத்துவிட்டு அள்ளுவார்கள். மறுநாள் விடிய ஆறட்டும் என்று, புதுக் கதவைச் சோதிக்க வந்த எஞ்சினியர் இந்த முறை சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

சுடலைமணி கடப்பாரையோடு வந்து நின்றான்.

“தொறக்கட்டுமா அண்ணாச்சி? லேசாத்தான் சூடு இருக்கு. எனக்குப் பழக்கந்தான்.”

அண்ணாச்சிக்கு 'சரி' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வடிவம்மை ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

“அம்மா, எஞ்சினியர் இன்னும் ஆறட்டும்னு சொல்றாரு. இங்க லாரி நிக்குது. எவ்வளவு நேரம் காத்திருக்கணும்? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“பூ வாங்கியாந்தீங்களா?”

வாங்கி வைத்திருந்தார். காலையிலேயே போய், அன்றைக்கும் நாலு பேச்சுக் கேட்டுத்தான் வாங்கி வந்திருந்தார். ஈரத்துணியில் சுற்றிய மாலை வெள்ளை வெளேரென்று இருந்தது.

“போடுங்க.”

போட்டார். சுடலைமணி கடப்பாரையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டான். இரும்பை ஒட்டியிருந்த மொட்டுகள் முதலில் பழுத்தன. பிறகு ஓரம் சுருண்டன. அண்ணாச்சி பார்த்துக்கொண்டே நிற்க, மாலை பழுப்பாகித் தொங்கியது.

வடிவம்மை எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு மடத்துக்குப் போய்விட்டார்.

அண்ணாச்சி கதவைத் திறக்கச் சொல்லவில்லை; லாரி வெறும் வண்டியாகத் திரும்பியது. லாரிக்காரர் போகிறபோது சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

மறுநாள் காலை அண்ணாச்சி மறுபடி வேலியோரம் நின்றார்.

“நேத்துக் குடுத்த பூ என்னாச்சு?” என்றாள் பேராச்சி.

“கதவுச் சூட்டுல கருகிருச்சு.”

பறித்துக்கொண்டிருந்த கை நின்றது. “பூவே கருகுதுன்னா, அங்க நிக்கிற ஆளு?”

அண்ணாச்சி கதவு அடைப்பு உதிர்ந்த கதையைச் சொன்னார். போல்ட்டைச் சொன்னார். சுடலைமணி பெண்டாட்டி மாசமாக இருந்ததையும் சொன்னார். இவளிடம் ஏன் இதையெல்லாம் சொல்கிறோம் என்று அவருக்கே விளங்கவில்லை.

பேராச்சி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அடப்பாவி. இது எனக்குத் தெரியாதே. நான் என் பூவுக்காகத்தான கலெக்டர்ட்ட போனேன்.”

அன்றைக்கு அவள் பழித்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாலையை நெருக்கமாகக் கட்டிக் கொடுத்தாள். பிறகு, “அந்தப் பிள்ளைக்கு என்ன பேரு வச்சிருக்கு?” என்று கேட்டாள்.

அண்ணாச்சிக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தார்.

வடிவம்மை முன்னாலேயே வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

“கேட்டீங்களாம்மா? பூவுக்காகத்தான் போனாளாம். அவளே சொல்லிட்டா. சுடலைமணி உசுரு அவளுக்குத் தெரியாது, கதவும் தெரியாது. நம்மளை நெனச்சு ஒண்ணும் செய்யல. அவளுக்கு எதுக்கு நான் நன்றி சொல்லணும்?”

“கதவுக்குப் பூவைப் போடுங்க.”

போட்டார். இரும்பு குளிர்ந்திருந்தது. மொட்டுகள் அப்படியே இருந்தன. சிலது கொஞ்சம் விரிந்துகூட வந்தது போல அவருக்குத் தோன்றியது.

“மணி, இப்பத் தொற.”

சுடலைமணி மாலையை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டுப் போல்ட்டுகளைக் கழற்றினான். கதவு திறந்தது. எல்லோரும் பழக்கத்தில் ஒரு எட்டுப் பின்னால் போனார்கள். ஒன்றும் கிளம்பவில்லை. கரித்தூள் உள்ளே மண்மேடு மாதிரி அமைதியாகக் கிடந்தது.

சுடலைமணி திரும்பினான். எப்போதும் இந்த நேரத்துக்கு அவன் முகத்தில் கண்ணும் பல்லும்தான் தெரியும். இன்று நெற்றியில் பூசியிருந்த திருநீறு அப்படியே இருந்தது.

“மணி,” என்றார் அண்ணாச்சி. “உன் மகளுக்கு என்ன பேரு வச்சிருக்க?”

“நாச்சியாரு, அண்ணாச்சி. ஏன் கேக்கீங்க?”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வடிவம்மை எழுந்து வந்தார். கதவிலிருந்த மாலையை எடுத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஒரு பொட்டுக் கரி இல்லை. அதை அண்ணாச்சியின் இரண்டு கைகளிலும் வைத்தார்.

“வாடுறதுக்குள்ள பக்கத்துத் தோட்டத்துக்குக் கொண்டுபோங்க அண்ணாச்சி. அந்தம்மா பாக்கட்டும்.”