தழலியின் கடைசிப் பக்கம்

இந்தக் கதையைச் சொல்ல ஆரம்பிக்கும்போதெல்லாம் உலகம்மாள் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்வாள். "நான் தப்பாச் சொல்லிருவேன், கோவிச்சுக்கிடாதீங்க" என்பாள். பாதியில் நிறுத்துவாள். எதை முன்னால் சொல்வது, எதைப் பின்னால் வைப்பது என்று குழம்பி, முந்தானையால் முகத்தைத் துடைப்பாள். ஆகவே நாமே சொல்லிவிடுவது நல்லது.

பாளையங்கோட்டையில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் ஜெசிந்தாவின் காமிக்ஸ் கடை இருந்தது. சாகச வீரர் கதை படிக்கிறவர்கள் எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்தவள் இல்லை. வயதும் முப்பத்தைந்தைத் தாண்டவில்லை. ஆனால் ஒரு கதையை எப்படிப் படிப்பது என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல மாட்டாள். எதையாவது செய்து காட்டுவாள். அதனால் வந்த பெயர் அது.

கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. 'தழலி' புது இதழ் வெளியாகும் காலையில், ஷட்டர் திறப்பதற்கு முன்பே, வாசலில் பெரிய சார்ட் தாளில் அந்த இதழின் விமர்சனம் தொங்கும். மாடிப்படியில் வரிசையாக நிற்பவர்கள் அதைப் படித்துக்கொண்டே மேலே ஏறுவார்கள். எழுதியவர் சார்ட்டுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டும். முடிவை மட்டும் சொல்லக் கூடாது.

தழலியைத் தெரியாதவர்களுக்காக: அவள் பகலில் இஸ்திரிக் கடை நடத்துகிறவள். ஆபத்து என்றால் சாம்பல் நிற அங்கியை மாட்டிக்கொள்வாள். உள்ளங்கைகளில் நெருப்பு பிறக்கும். அவளுக்கு ஒரே ஒரு பயம்தான். அந்த நெருப்பு தண்ணீரில் அணைந்தால் மறுபடி பற்றாது.

உலகம்மாளுக்கோ எல்லாமே பயம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுப் பீடி சுற்றப் போனவள். மகனுக்காகக் காமிக்ஸ் வாங்க வந்தாள். மகன் வேலைக்கு ஓசூர் போன பிறகும் வருவதை நிறுத்தவில்லை. ஒருநாள் தழலியின் சண்டை ஒன்றை அவள் கையை வீசி வீசி யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்ததை ஜெசிந்தா கேட்டாள். அடுத்த விமர்சனத்தை நீங்கள் எழுதுங்கள் என்று ஒரு சார்ட் தாளையும் ஸ்கெட்ச் பேனாவையும் அவள் கையில் வைத்தாள்.

நீ என்ன நினைக்கிறாய் என்று உலகம்மாளை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. கல்யாணம் பேசியபோதுகூட யாரும் கேட்டதில்லை.

அவள் எழுத ஆரம்பித்துச் சில மாதங்கள் நன்றாகத்தான் போயின. அப்புறம் அந்த நாய் விஷயம் நடந்தது.

அந்த இதழில் பனிமுகன் என்ற வில்லன் தழலியின் நாயைத் தூக்கிப் போய்விட்டான். வரிசையில் நின்ற பஸ் கண்டக்டர் சுடலைமுத்து சார்ட்டைப் படித்துவிட்டு முகம் வாடிப் போனார். அவர் வீட்டிலும் ஒரு நாய் இருந்தது. அந்த நாய் செத்துருமா என்று கேட்டார். கேட்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். உலகம்மாளுக்கு மனசு பொறுக்கவில்லை.

"சேச்சே, அழாதீங்க. கடைசியில அது வாலாட்டிக்கிட்டு வந்துரும்."

மாடிப்படி முழுக்க ஒரு பெருமூச்சு இறங்கியது. சந்தோஷப் பெருமூச்சு இல்லை. ஒரு மாதம் காத்திருந்தவர்களின் புத்தகம், கைக்கு வரும் முன்பே சப்பென்று போய்விட்டது. சிலர் அப்படியே திரும்பிப் போனார்கள். அன்றிலிருந்து அவளுக்குப் பெயர் 'கடைசிப் பக்கம் அக்கா'. விமர்சனத்துக்கு ஆளை மாற்றச் சொல்லிப் பத்துப் பேராவது ஜெசிந்தாவிடம் சொல்லிவிட்டார்கள்.

ஜெசிந்தா எல்லோரும் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். அடுத்த இதழுக்கும் உலகம்மாள்தான் எழுதுவாள், மறுபடி முடிவு வெளியே வந்தால் நானே ஆளை மாற்றிவிடுகிறேன் என்றாள்.

கூட்டம் கலைந்த பிறகு ஜெசிந்தா சார்ட்டின் முன்னால் நின்றாள். உலகம்மாள் பின்னால் நின்று நகத்தைக் கடித்தாள். எதை வாசிக்கிறாள், எந்த வரியில் நிற்கிறாள் என்று அவளுடைய பின்னந்தலையைப் பார்த்தே கண்டுபிடிக்க முயன்றாள்.

"அக்கா, நீங்க கடைசிப் பக்கத்தை முதல்ல படிச்சீங்களா?"

உலகம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தது. யாரும் பார்த்திருக்க வழியில்லை.

"எப்படி டீச்சர் தெரிஞ்சது?"

"நாயைக் கட்டி வச்சிருக்கான். கத்தி எடுக்கான். நீங்க அந்தப் பக்கத்துல நீல நிறம் நல்லா வந்திருக்குன்னு எழுதியிருக்கீங்க." ஜெசிந்தா சார்ட்டைச் சுருட்டினாள். "பயந்துக்கிட்டு இருக்கவங்க நிறம் பாக்க மாட்டாங்க."

உலகம்மாள் தலை குனிந்தாள். எல்லா இதழையும் அப்படித்தான் படிக்கிறாள். கடைசிப் பக்கத்தைப் பார்த்து, தழலி உயிரோடு இருக்கிறாள் என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் முதல் பக்கத்தைத் திறப்பாள்.

"முடிவு தெரியாம எப்படி டீச்சர் படிக்கது? மனசு கெடந்து அடிச்சுக்கிடும்லா?"

ஜெசிந்தா துடைப்பத்தை எடுத்தாள். கடையைப் பெருக்கத் தொடங்கினாள்.

அடுத்த மாதம் அச்சகத்திலிருந்து முதல் பிரதிகள் இரண்டு வந்தன. ஒன்று ஜெசிந்தாவுக்கு, இன்னொன்று உலகம்மாளுக்கு. ஜெசிந்தா தன்னுடையதை அங்கேயே படித்து முடித்தாள். உலகம்மாளின் பிரதியை எடுத்து, கடைசித் தாள்களைச் சேர்த்துப் பிடித்து, மேலே ஒன்று, கீழே ஒன்று என்று ஸ்டேப்ளர் பின் அடித்தாள். போன மாதக் கேள்விக்குப் பதில் இதுதான் என்பதுபோல் புத்தகத்தை நீட்டினாள்.

உலகம்மாள் அதை ஏதோ சூடான பாத்திரத்தை வாங்குவதுபோல வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போனதும் அவள் செய்த முதல் காரியம், பின் அடிக்காத ஓரத்தைக் கொஞ்சம் விரித்து ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்ததுதான். சாம்பல் நிறமாக ஏதோ தெரிந்தது. அங்கியா, புகையா, சாம்பலேதானா? ஒன்றும் தெரியாததைவிட இந்த அரைகுறை இன்னும் மோசம். புத்தகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். எழுத்தெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, எறும்புக் கூட்டம் மாதிரி இருந்தது. தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டு, பாலை அடுப்பில் வைத்துவிட்டு, முதல் பக்கத்தைத் திறந்தாள்.

பனிமுகன் அணையின் கதவுகளைத் திறந்துவிட்டான்.

உலகம்மாள் உட்கார்ந்தாள்.

தண்ணீர் வந்தது. பாலம் நடுவில் முறிந்தது. பாலத்தின் மேலே ஒரு பள்ளிக்கூட வேன். ஜன்னல் கம்பிகளில் சின்னச் சின்ன விரல்கள். உலகம்மாள் எழுந்து நின்றாள். யாரையோ கூப்பிட வேண்டும் போல இருந்தது. யாரைக் கூப்பிடுவது? வேன் சாய்ந்தது. அவளும் சாய்ந்தாள். வேன் ஆற்றில் விழுந்தது.

தழலி ஓடி வந்தாள். கரையில் நின்றாள். அடுத்த பக்கத்தில் ஒரு எழுத்துகூட இல்லை. பக்கம் முழுக்க அவளுடைய கை. உள்ளங்கையில் நெருப்பு. அதற்குக் கீழே தண்ணீர்.

எத்தனை தடவை அந்தப் பக்கத்தைப் பார்த்தாள் என்று உலகம்மாளுக்குத் தெரியாது. திருப்பினால் அவள் குதித்துவிடுவாள். திருப்பாவிட்டால் பிள்ளைகள் போய்விடும். போகாதே என்று சொன்னாள். உடனே, போ போ என்றாள். வாய்விட்டுத்தான் சொன்னாள்; பக்கத்து வீட்டுக்காரி என்னக்கா என்று குரல் கொடுத்தாள்.

திருப்பினாள். தழலி குதித்துவிட்டாள்.

அதற்கு மேல் இரண்டு பின்கள்.

அப்போதுதான் தீய்ந்த வாசம் மூக்கில் ஏறியது. பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்திருந்தது. ஓடிப் போய் கேஸை மூடி, ஜன்னலைத் திறந்தாள். அடுப்பைத் துடைக்கவில்லை. பேனாவை எடுத்தாள்.

வழக்கமாக ஒரு வரி எழுதி, ஒருவேளை என்று சேர்த்து, அதை அடித்து, எனக்குத் தோன்றுகிறது என்று சேர்த்து, அதையும் அடிப்பாள். அன்று அடித்தல் திருத்தல் இல்லை. கையெழுத்துதான் கோணல்மாணலாக ஓடியது.

சாயங்காலம் சார்ட்டைக் கொண்டு போய் ஜெசிந்தாவின் மேஜையில் விரித்தாள். அதில் இப்படி இருந்தது:

'பனிமுகன் ரொம்பப் பேசுகிறான். அணையைத் திறந்துவிட்டு ஒரு பக்கம் முழுக்க யாராவது பேசுவார்களா? நமக்கு அதைக் கேட்கப் பொறுமை இல்லை. அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டிருக்கலாம். வேன் சாய்ந்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். தழலி கையைப் பார்க்கிற பக்கத்தில் எழுத்தே கிடையாது. அதைத்தான் அதிக நேரம் படித்தேன். பால் பொங்கி என் வீட்டு அடுப்பு அணைந்தது எனக்குத் தெரியவில்லை. அவள் குதித்துவிட்டாள். நான் இன்னும் கரையில்தான் நிற்கிறேன்.'

ஜெசிந்தா வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள். மேஜையில் இருந்த டீயை எடுக்கவில்லை.

உலகம்மாளுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. தன் கவலையை எல்லாம் கொட்டினாள். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் எழுதிவிட்டோமே, தழலி குதித்தது கனவு என்று இருந்தால் என்ன செய்வது, குதித்தவள் வேறு ஆள் என்று இருந்தால் ஊரே சிரிக்காதா என்றெல்லாம் கேட்டாள்.

"முடிவு தெரியாம எழுதுனது பொய்யாயிராதா டீச்சர்?"

ஜெசிந்தா நிமிர்ந்தாள்.

"குதிக்கும்போது தழலி கடைசிப் பக்கத்தைப் படிச்சிருந்தாளா அக்கா?"

உலகம்மாள் குனிந்து சார்ட்டின் கடைசி வரியைப் பார்த்தாள்.

ஜெசிந்தா மேஜை டிராயரிலிருந்து பின் எடுக்கும் கருவியை எடுத்து அவளிடம் கொடுத்தாள். எழுதி முடித்தாயிற்று, இனி வீட்டுக்குப் போய்ப் பிரித்துப் படிக்கலாம் என்றாள்.

மறுநாள், இதழ் வெளியாகும் காலையில், வரிசை மாடிப்படி இறங்கி, ஜெராக்ஸ் கடையைத் தாண்டி, டீக்கடை வரைக்கும் போயிருந்தது. சார்ட்டை முதலில் படித்தவர் மேலே ஏறாமல் நின்றார். பின்னால் நின்றவர் நகரச் சொல்லி இடித்தார். இடித்தவரும் படித்துவிட்டு நின்றுவிட்டார். கீழே நின்றவர்கள் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று கத்திக் கேட்டார்கள். ஒருவர் வாசித்துச் சொல்ல, படிப்படியாக அது தெருவுக்கு இறங்கியது. அடுப்பு அணைந்த இடம் வந்ததும் டீக்கடைக்காரர் தன் அடுப்பை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

சுடலைமுத்து சார்ட்டைப் படித்து முடித்து உலகம்மாளை நெருங்கினார். யூனிபாரத்தில் இருந்தார். டூட்டிக்கு நேரமாகியிருக்க வேண்டும்.

"கடைசிப் பக்கம் அக்கா, எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. பொழைச்சிருவாளா?"

மாடிப்படி மூச்சை அடக்கியது. எல்லோரும் உலகம்மாளின் முகத்தைப் பார்த்தார்கள். அந்த முகத்தில் எதையும் ஒளிக்க முடியாது என்று எல்லோருக்கும் தெரியும்.

"தெரியாதுப்பா."

"சும்மா சொல்லாதீங்க. நீங்க படிச்சிருப்பீங்கள்லா?"

உலகம்மாள் அக்குளில் இடுக்கியிருந்த புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். கடைசித் தாள்களில் இரண்டு பின்களும் அடித்தபடியே இருந்தன. சுடலைமுத்து பின்களைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். அதில் தன்னுடைய பயம்தான் இருந்தது.

"ஐயையோ" என்றார். "அப்போ செத்தாலும் செத்துருவா."

வரிசை கொதித்தது. செத்துவிட்டால் அடுத்த மாதம் யார் வருவார்கள் என்று ஒருவர் கேட்டார். பிள்ளைகளைக் கரையேற்றாமல் சாக மாட்டாள் என்று பந்தயம் கட்டினார் இன்னொருவர். தண்ணீருக்குள் நெருப்பு எப்படி நிற்கும் என்று பின்னால் இருந்து ஒரு கல்லூரிப் பெண் சண்டைக்கு வந்தாள். ஷட்டரைத் திறங்க என்று நாலைந்து பேர் ஒரே குரலில் கத்தினார்கள்.

அந்தச் சத்தத்தில் ஜெசிந்தா சாவியோடு மேலே வந்தாள். உலகம்மாளின் கையில் இருந்த புத்தகத்தின் பின்களைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"இன்னுமா பிரிக்கல?"

"ராத்திரி கருவியக் கையில எடுத்தேன் டீச்சர். திரும்ப வச்சிட்டேன்." உலகம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "என் வாயி எனக்குத் தெரியும். யாரு அழுதாலும் சொல்லிரும். தெரியாதத அதால சொல்ல முடியாதுல்லா?"

ஜெசிந்தா ஏதோ சொல்ல வந்தாள். உதட்டோரம் லேசாக அசைந்தது.

உலகம்மாள் சட்டென்று புத்தகத்தை அக்குளில் இடுக்கி, இரண்டு கையாலும் தன் கண்களைப் பொத்திக்கொண்டாள்.

"நீங்க படிச்சிட்டீங்கள்லா? உங்க மூஞ்சியப் பாத்தா தெரிஞ்சிரும் டீச்சர். அங்கிட்டுத் திரும்பிக்கோங்க."

ஜெசிந்தா சாவியைச் சுடலைமுத்துவின் கையில் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

ஷட்டர் ஏறியது. உலகம்மாள் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கி, டீக்கடை வரைக்கும் நடந்து, தன் முறை வரும்போது பின்களைப் பிரித்துக்கொள்ளலாம் என்று வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டாள்.