பொந்தில் விட்டு வந்த சொற்கள்

ஆற்றின் நடுவே ஒரு திட்டு இருந்தது. மழைக்காலத்தில் சுருங்கும், கோடையில் விரியும். நாணலும் சில தென்னைகளும் ஒரு மடமும் அங்கே இருந்தன. விடியலில் பனி இறங்கிவிட்டால் அக்கரையிலிருந்து பார்ப்பவர்களுக்குத் திட்டு தெரியாது. மடத்து மணி மட்டும் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கும்.

மடத்தில் சேர வருகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அக்கரையில் பரிசல் துறைக்குப் பக்கத்தில் ஒரு மருத மரம் நிற்கிறது. அதன் பொந்தில் முகத்தை வைத்து, ஐயோ, அம்மா, வலிக்கிறது என்று வலியில் வாய்விட்டு வரும் மூன்று சொற்களையும் சொல்ல வேண்டும். அவற்றை அங்கேயே விட்டுவிட்டுப் பரிசல் ஏற வேண்டும். அதன் பிறகு திட்டில் முள் குத்தினாலும், கொதிக்கிற கஞ்சி கையில் சிந்தினாலும், ஒருவரும் வாய் திறப்பதில்லை. கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கி அழுத்திக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

காற்றடிக்கும் நாட்களில் அந்தப் பொந்து முனகும். போனவர்கள் விட்டுப்போன சொற்கள் என்பார் பரிசல்காரர் ராக்கப்பன்.

வடிவாம்பாள் ஐம்பது வயதுக்கு மேல் மடத்துக்கு வந்தவள். மடத்தின் தலைவி பெருந்தேவி அவளைவிட மிகவும் இளையவள். வடிவு தலைவியை ‘அம்மா’ என்பாள். தலைவி அவளை ‘அக்கா’ என்பாள். அதில் யாருக்கும் குழப்பம் இருக்கவில்லை.

ஐப்பசி வெள்ளத்தில் ஒரு வாழைமரம் மிதந்து வந்தது. அதன்மேல் கண் திறந்து சில நாட்களே ஆன ஒரு நாய்க்குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. வடிவு இடுப்பளவு நீரில் இறங்கி அதை எடுத்தாள். பஞ்சைப் பாலில் நனைத்து ஊட்டினாள். தெப்பம் என்று பெயர் வைத்தாள்.

தெப்பத்துக்குப் பல் முளைத்தது.

முதலில் முந்தானையைக் கடித்தது. பிறகு விரல். பிறகு கணுக்கால். முள்ளம்பன்றிக் குட்டியை மடியில் வைத்திருப்பதுபோல இருந்தது. வடிவு கட்டை விரலை மடக்கிக்கொண்டு புன்னகைத்தாள். மடத்தில் எல்லோரும் அப்படியே. சமையல் செய்யும் சிவகாமு, காலில் தொங்கும் குட்டியோடு உதட்டை மடித்துக்கொண்டு சோறு வடித்தாள். தியானத்தில் இருப்பவர்போலச் சாய்ந்திருந்த மடத்துப் பெரியவர் ஆவுடையப்பரின் காதை அது கவ்வியபோது அவர் அசையவே இல்லை.

“இதுவும் ஒரு பயிற்சி” என்றார் பிற்பாடு, காதில் மஞ்சளை அப்பிக்கொண்டு.

கடி நாளுக்கு நாள் ஆழமானது.

தை பிறந்தபோது, மடத்தைப் பார்க்க ஒரு குடும்பம் பரிசலில் வந்தது. அந்த வீட்டுச் சிறுமி விளையாடக் கை நீட்டினாள். தெப்பம் வழக்கம்போலக் கவ்வியது. சிறுமி பொந்தில் எதையும் விட்டு வந்தவள் அல்ல. அவள் போட்ட சத்தத்தில் நாணலில் இருந்த கொக்குகள் எல்லாம் எழுந்து பறந்தன.

குட்டி சட்டென்று வாயைத் திறந்தது. இரண்டடி பின்னால் போய் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, அவள் முகத்தையே பார்த்தது.

அதைப் பெருந்தேவி பார்த்தாள். மற்றவர்கள் இரத்தத்தைப் பார்த்தார்கள்.

காயத்தைக் கழுவி, ஊசி போட்டுக்கொள்ளச் சிறுமியை அக்கரைக்கு அழைத்துப் போனார்கள். பரிசல் மறைந்ததும் ஆவுடையப்பர் சொன்னார்.

“காலையில பரிசல் வரும். இதை அதுல ஏத்தி அக்கரையில விட்டுடணும்.”

“சந்தை நாய்ங்க இதை உசிரோட விட்டுவைக்காது, ஐயா” என்றாள் வடிவு.

“இது நம்மை விட்டுவைக்குதா?”

“என் காலைப் பாருங்க” என்றாள் சிவகாமு. “கோலத்துக்குப் புள்ளி வச்ச மாதிரி இருக்கு. கோடு இழுக்கறதுதான் பாக்கி.”

எல்லோரும் தலைவியைப் பார்த்தார்கள்.

“காலையில பரிசல் வரட்டும்” என்றாள் பெருந்தேவி.

அன்று சாயங்காலம் படித்துறையில் பெருந்தேவி தனியாக இருந்தாள். ஆற்றில் வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. வடிவு குட்டியை முந்தானையில் சுற்றி எடுத்து வந்து, ஒரு படி கீழே உட்கார்ந்தாள்.

“நான் இதுக்கு என்னம்மா குறை வச்சேன்?”

“ஒண்ணும் வைக்கலை.”

“எத்தனை கடிச்சாலும் முகம் சுளிச்சதில்லை. கை ஓங்கினதில்லை. பொறுத்துக்கிட்டா தன்னால அடங்கிடும்னு நினைச்சேன். நாளைக்கு இதைக் கொல்லக் குடுக்கணுமே.”

பெருந்தேவி குட்டியை வாங்கித் தன் மடியில் விட்டுக்கொண்டாள்.

“இதுக்குக் கூடப் பிறந்ததுங்க இருந்திருக்குமா?”

“இருந்திருக்கும். ஆத்துல வந்தது இது மட்டுந்தான்.”

“எல்லாம் ஒண்ணா வளர்ந்திருந்தா என்ன செய்யும்?”

“என்ன செய்யும்? ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து கடிச்சு விளையாடும்.”

“கடிபட்டது?”

வடிவு சற்று யோசித்தாள். “வாள்னு கத்தும்.”

“அப்புறம்?”

“விளையாட்டை விட்டுட்டுத் தள்ளிப் போயிடும்.”

“கடிச்சது?”

“திருதிருன்னு முழிக்கும். அப்புறம் மெல்ல வாலை ஆட்டிக்கிட்டு வரும்.”

தெப்பம் அதற்குள் தலைவியின் சுண்டுவிரலைக் கண்டுபிடித்துவிட்டது. பல் இறங்கியது.

“ஐயோ!” என்று அலறினாள் பெருந்தேவி.

திட்டு முழுவதும் அந்தச் சொல் கேட்டது. சிவகாமு கரண்டியோடு ஓடி வந்தாள். ஆவுடையப்பர் விளக்குத் திரியோடு ஓடி வந்தார். தலைமுறை தலைமுறையாக அந்த இடத்தில் யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

“அம்மா, நம்ம மடத்துல…” என்று தொடங்கினார் ஆவுடையப்பர்.

“வலிச்சுது, ஐயா” என்றாள் அவள்.

ஆவுடையப்பரின் கை தானாகப் போய்க் காதைத் தொட்டது. அவர் திரும்பிப் போனார். சிவகாமு போகவில்லை. கரண்டியோடு மேல் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

பெருந்தேவி குட்டியைக் கீழே விட்டாள். எழுந்து படித்துறையின் கடைசிக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு ஆற்றைப் பார்த்து நின்றாள். குட்டி தலையை இந்தப் பக்கம் சாய்த்தது, அந்தப் பக்கம் சாய்த்தது. விளையாட்டு எங்கே போயிற்று என்று அதற்குத் தெரியவில்லை. பிறகு மெல்ல அவளிடம் போய்க் குதிகாலை நக்கியது.

அவள் குனிந்து, ஒரு பழந்துணியை ஆற்றில் நனைத்து முடிச்சுப் போட்டு அதன் வாயில் கொடுத்தாள்.

“பல்லு ஊறுது. எதையாவது கடிச்சுத்தானே ஆகணும்.”

வந்து உட்கார்ந்தாள்.

“இப்போ நீங்க, அக்கா.”

வடிவு கையை நீட்டினாள். துணியை விட்டுவிட்டுத் தெப்பம் கையைக் கவ்வியது. வடிவின் கட்டை விரல் உள்ளங்கைக்குள் மடங்கியது.

“விரலை விடுங்க.”

விட்டாள். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. குட்டி இன்னும் அழுத்திக் கடித்தது.

“வரலையேம்மா.”

“மரத்துல விட்டுட்டு வந்ததுதானே? கூப்பிட்டா வரும்.”

“நான் மரத்துல ஒண்ணும் விடலைம்மா.” வடிவின் குரல் இறங்கியது. “அன்னைக்குப் பொந்துல முகத்தை வச்சப்போ, விடறதுக்கு என்கிட்ட எதுவும் இல்லை. சும்மா வாயை அசைச்சுட்டுப் பரிசல் ஏறிட்டேன்.”

பெருந்தேவி குட்டியின் வாயில் மறுபடி துணியைக் கொடுத்து அந்தக் கையை விடுவித்தாள். ஆறு போய்க்கொண்டிருந்தது.

“எனக்கு ஒரு தம்பி. கந்தப்பன். எங்கம்மா போனப்போ அவன் நடை பழகிக்கிட்டிருந்தான். கல்யாணம்கூடப் பண்ணிக்காம நான்தான் வளர்த்தேன். வாய் கொஞ்சம் துடுக்கு. வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் காட்டி, ‘எங்க அக்கா தரையோட ஆணி அடிச்ச நாற்காலி, வீடு மாறினா பேர்த்துக்கிட்டுத்தான் போகணும்’பான். எல்லாரும் சிரிப்பாங்க.”

“நீங்க?”

“நானும் சிரிப்பேன். காப்பி வேணுமான்னு கேட்பேன்.”

“அப்புறம்?”

“அவன் பிள்ளைக்குக் காதுகுத்து. பந்தி நடுவுல அதையே சொன்னான். நான் பாயசம் ஊத்திக்கிட்டிருந்தேன். கடைசி இலை வரைக்கும் ஊத்தினேன். மறுநாள் கிளம்பி இங்க வந்துட்டேன்.”

“தம்பி என்ன சொன்னார்?”

“அமாவாசைக்கு அமாவாசை அக்கரையில வந்து நிக்கறான், பழத்தை வாங்கிக்கிட்டு. ‘அக்காவுக்கு நான் என்ன செஞ்சேன்’னு ராக்கப்பன்கிட்ட கேட்டனுப்பறான். நல்லா இருக்கேன்னு சொல்லியனுப்பறேன். நான் அவனை எப்பவோ மன்னிச்சாச்சும்மா.”



பேச்சில் கவனமாக இருந்த வடிவின் கையில், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள மெல்லிய சதையைத் தெப்பம் தேடிப் பிடித்தது.

சத்தம் வந்தது.

ஒரு நாய்க்குட்டியின் கடிக்கு அது பெரிய சத்தம். “அம்மா” என்று தொடங்கி, எந்தச் சொல்லும் இல்லாமல் நீண்டு, தண்ணீரின் மேல் நடந்து அக்கரைக்குப் போனது. கொக்குகள் எழுந்தன. எழுந்தவை திட்டை ஒரு சுற்று சுற்றி, இருட்டுவதற்குள் மறுபடி நாணலில் இறங்கின. அதுவரை வடிவு அழுதுகொண்டிருந்தாள்.

அழுது முடித்துப் பார்த்தபோது, குட்டி அவள் பாதத்தின் மேல் முகத்தை வைத்துக் கிடந்தது.

“இப்படியும் ஒரு தொண்டையை உள்ளே வச்சுக்கிட்டுத்தான் இருந்தீங்களா, வடிவக்கா!” என்றாள் மேல் படியிலிருந்து சிவகாமு. அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

காலையில் பனி தரைவரை இறங்கியிருந்தது. ஆவுடையப்பர் மூடி வைத்த கூடை ஒன்றை எடுத்துக்கொண்டு படித்துறைக்கு வந்தார். தெப்பம் வாலை ஆட்டிக்கொண்டு வந்து அவர் விரலைக் கவ்வியது.

ஆவுடையப்பர் சுற்றிலும் பார்த்தார். பனியில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று சரியாகத் தெரியவில்லை. மிக மெல்ல, பிறர் பொருளைத் தொட்டுப் பார்ப்பவர்போல, “ஐயோ” என்றார்.

குட்டி பல்லை எடுத்தது. அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தது.

“அட” என்றார் ஆவுடையப்பர்.

கூடையைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். “என் காதைப் பிடிச்ச அன்னைக்கே இதைச் செஞ்சிருக்கலாம்.”

“உங்க பயிற்சி கெட்டுப்போயிருக்குமே, ஐயா” என்றாள் சிவகாமு.

துடுப்புச் சத்தம் முதலில் வந்தது. பிறகு பரிசல். பிறகு ராக்கப்பன்.

“எங்க அந்த நாயி? கடிச்சதை அக்கரைக்கு அனுப்பிடுவீங்கன்னுதான் வந்தேன். ஏத்துங்க.”

யாரும் நகரவில்லை.

“வெறும் பரிசலைச் சுத்திக்கிட்டுத் திரும்பிப் போகவா வந்தேன்?” என்றவர் வடிவைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். “உங்க தம்பி வந்திருக்கார், வடிவம்மா. இன்னைக்கு அமாவாசையாச்சே, நேத்துச் சாயங்காலமே வந்துட்டார். வந்து நிக்கும்போது திட்டுலேர்ந்து ஒரு சத்தம் கேட்டுச்சாம். ‘எங்க அக்கா குரல் மாதிரி இருக்கே, ஆனா அவ இப்படிக் கத்த மாட்டாளே’ன்னார். ‘அது பொந்து முனகறதுங்க’ன்னு சொல்லிப் பார்த்தேன். ‘காத்தே இல்லையே’ங்கறார். மரத்தடியை விட்டு இன்னும் நகரலை. பழத்தைக் கூடக் கீழே வைக்கலை.”

பனி ஓர் இடத்தில் விலகியது. அக்கரையில் மருத மரம் தெரிந்தது. அதனடியில், பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓர் ஆள் நிற்பது தெரிந்தது. மறுபடி பனி மூடிக்கொண்டது.

“பரிசல் காலியாப் போக வேண்டாம், அக்கா” என்றாள் பெருந்தேவி.

வடிவு குட்டியைப் பார்த்தாள். “இது?”

“இங்கதான் இருக்கும்.”

“நான் திரும்பி வரலாமாம்மா?”

“பரிசல் ரெண்டு பக்கமும் போறதுதானே.”

வடிவு ஏறி உட்கார்ந்தாள். பரிசல் ஒரு முறை தன்னைத்தானே சுற்றிக்கொண்டு விலகியது. படித்துறை மங்கியது. கூடைமேல் இருந்தவரும் கரண்டியோடு நின்றவளும் மங்கினார்கள். குட்டியைக் கையில் வைத்திருந்த பெருந்தேவி மட்டும் நிழலாகத் தெரிந்தாள்.

வடிவு பரிசலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

“அம்மா! அவன்கிட்ட நான் என்னம்மா சொல்றது?”

பனிக்குள்ளிருந்து பதில் வந்தது.

“குட்டிகிட்ட என்ன சொன்னீங்க, அக்கா?”