க்ரூஸருக்கு ஒரு குறை

நண்பன் சவரிமுத்து சொன்ன இந்தக் கதையை இருதயராஜ் பல வருஷமாக நம்பவில்லை.

போடியில் ஏலக்காய் மண்டி முதலாளி குணசீலனிடம் சவரிமுத்து டிரைவராக இருந்த காலம். மனைவி பிலோமியை ஏற்றிக்கொண்டு தனுஷ்கோடி வரை போய்வந்த டூரிங் பைக் ஒன்று அவனிடம் இருந்தது. முதலாளியோ முன்சக்கரத்துக்கு நீண்ட ஃபோர்க்கும் தாழ்ந்த சீட்டுமாக, ஊரில் யாரிடமும் இல்லாத க்ரூஸர் பைக் ஒன்றைச் சொல்லிச் செய்து வாங்கியிருந்தார். ஆயுதபூஜையன்று சவரிமுத்து அதை வைத்த கண் வாங்காமல் பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

“என்னடா, ஆசையா? இதுல ஒரு குறை சொல்லு. நானே ஒத்துக்கிட்டா வண்டியை மாத்திக்கலாம். இல்லேன்னா உன் வண்டியை இங்கயே விட்டுட்டு நடந்து போ.”

மண்டியே சிரித்தது.

“குறை சொல்ல நான் யாருங்க முதலாளி? பூஜை முடிஞ்சுது. வருஷா வருஷம் போல அம்மாவை ஏத்திக்கிட்டு ஒரு சுத்து வந்துருங்க.”

பட்டுப்புடவையில் வந்த முதலாளியம்மா வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அதில் இருந்தது ஒரே ஒரு சீட்.

“ஏங்க, நான் எங்க உக்கார்றது?” என்று கேட்டுவிட்டு, நேரே போய் சவரிமுத்துவின் பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டார்.

“குறைதான்டா” என்று முதலாளி சாவியை நீட்டினார்.

போன வாரம் டீக்கடையில் சவரிமுத்து இதை மறுபடியும் சொல்லிச் சிரித்தான். இருதயராஜ் சிரிக்கவில்லை.

“அது சரி மாப்ளே, அதுக்கப்புறம் பிலோமியை எங்கடா உக்கார வெச்சே?”