மசக்காள் விடாத தாயக்கட்டை

அந்தக் காலத்தில் உடும்பும் பேசும், ஓணானும் பேசும். மனிதர்கள்தான் பேச வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். மலையடிவாரத்தில் இருந்த இச்சிப்பள்ளத்துக்காரர்களும் அப்படித்தான்.

அந்த ஊருக்கு உப்பு வேண்டுமென்றால் காட்டைத் தாண்டி அந்தப் பக்கத்துச் சந்தைக்குப் போக வேண்டும். வேறு வழி கிடையாது. காட்டிலோ குறளிகள் இருந்தன. முழங்கால் உயரம்தான் இருக்கும். பாதம் இரண்டும் பின்பக்கம் திரும்பியிருக்கும். சிரித்தால் காது வரைக்கும் பல் தெரியும். அவை ஆளைக் கடிக்காது, அடிக்காது. அதைவிடக் கேவலமான வேலை ஒன்றைச் செய்யும். காட்டுக்குள் போனவனுடைய வழியைப் பிடுங்கிக்கொள்ளும். அவன் நடப்பான், நடப்பான், சுற்றிச் சுற்றி வருவான். சந்தைச் சத்தம் காதில் விழுகிற தூரத்துக்கு வந்து, அப்பாடா என்று மூச்சு விடும்போது, பழையபடி புறப்பட்ட இடத்திலேயே நிற்பான். கால் மறுபடி நடக்கத் தொடங்கிவிடும். எங்கோ உட்கார்ந்து குறளிகள் சிரிக்கும்.

இதற்கு ஊர்க்காரர்கள் கோபப்பட்டார்களா? அதுதான் இல்லை. பக்தியாகிவிட்டார்கள். குறளி என்று வாய்விட்டுச் சொல்வதுகூடக் கிடையாது. 'சின்னவங்க' என்பார்கள். வாரம் தவறாமல் காட்டு முகப்பில் தினைமாவும் தேனும் வைப்பார்கள். உள்ளே நுழையும் முன் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, நன்றாகக் குனிந்து, "சின்னவங்களே, உள்ள வாரோமுங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத்தான் காலெடுத்து வைப்பார்கள். சின்னவர்கள் மாவையும் தின்றார்கள், ஆட்களையும் அலைக்கழித்தார்கள்.

மசக்காளின் புருசன் செங்கோடன் அப்படித் துண்டை அவிழ்த்துக் குனிந்து உள்ளே போய் ஒரு மாதமாகியிருந்தது. இந்த ஒரு மாதத்தில் மூன்று முறை அவன் காட்டு முகப்பில் வந்து நின்றான். ஒவ்வொரு முறையும் கண் குழிந்து, உதடு வெடித்து, பாதி ஆளாக வந்தான். "மாமா!" என்று இவள் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் அவனுடைய கால்கள் அவனைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டன. முகம் இவளைப் பார்த்து அழுதது, கால் மட்டும் காட்டுக்குள் நடந்தது.

நான்காம் முறை மசக்காள் தாம்புக் கயிற்றோடு காத்திருந்தாள். அவன் வந்ததும் மடக்கிப் பிடித்துப் பனைமரத்தோடு சேர்த்துக் கட்டினாள். கட்டியும் என்ன பிரயோசனம்? கால்கள் நிற்கவில்லை. நின்ற இடத்திலேயே நடந்தன. பொழுது சாய்வதற்குள் அவன் காலடியில் முழங்கால் ஆழத்துக்குக் குழி விழுந்துவிட்டது. உள்ளங்கால் தோல் உரிந்து சதை தெரிந்தது. இன்னும் ஐந்தாறு நாள் இப்படிப் போனால் ஆள் இருக்கமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஊர்த்தலைவர் நல்லணன் வந்து பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார்.

"வெசனப்படாத அம்மிணி. இன்னும் நாலு படி மாவு சேர்த்து வெச்சுப் பாக்கலாம். சின்னவங்க மனசு குளுந்தா உட்டுருவாங்க."

மசக்காளுக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. "ஏனுங் பெரீப்பா, அவங்க மனசு குளுர்றதுக்கு எத்தனை வருசமா நாம மாவு இடிக்கிறோம்? இடிச்ச மாவுக்கு ஒரு ஆளையாவது உட்டாங்களா? தின்ன வாய்க்கு நன்றி வேண்டாம், வெக்கமாவது வேண்டாமுங்களா?"

"மெதுவாப் பேசு. காதுல விழுந்துரும்."

"விழட்டும்!" என்று கத்தியவள், முகப்பில் இருந்த மாவுச் சட்டியை ஒரு உதை விட்டாள். சட்டி காட்டுக்குள் உருண்டு போனது. அதன் பின்னாலேயே இவளும் போனாள். குனியவில்லை. வாரோமுங்க என்று சொல்லவில்லை. சொந்த வீட்டுக்குள் திருடன் புகுந்துவிட்டால் எப்படிப் போவோமோ, அப்படிப் போனாள்.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கால் இவள் சொன்ன பக்கம்தான் போகிறது. வலது என்றால் வலது, இடது என்றால் இடது.

புற்றின் மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்த கிழட்டு உடும்பு ஒன்று கழுத்தைத் தூக்கிப் பார்த்தது. "என்ன பாக்கற? நீ வாரேன்னு சொல்லலை. அதனால உன்னை அவங்களால பிடிக்க முடியலை. தானா வாரேன்னு சொல்லறவனைத்தான் அவங்க ஆட்டத்துல இறக்க முடியும்."

"அப்படீன்னா நாங்க குனிஞ்சு குனிஞ்சு சொன்னமே..."

"ஆமா. உங்க தலைய நீங்களே கொண்டுபோய்க் குடுத்தீங்க."

"இத்தனை வருசமா இங்கதானே கிடக்கற? ஒரு வார்த்தை சொல்லறதுக்கு உனக்கென்ன கேடு?"

"ஆரு கேட்டீங்க?" என்றது உடும்பு.

மசக்காள் ஊர்ப்பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். குறளிகள்மேல் இருந்த கோபம் ஒரு பங்கு என்றால், ஊர்மேல் வந்த கோபம் இரண்டு பங்கு. இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்ற ஒவ்வொருத்தனையும் இழுத்து வைத்து அறைய வேண்டும்போல் இருந்தது. அவளும்தான் எத்தனை தடவை அந்த மாவை இடித்திருக்கிறாள்! அதை நினைத்ததும் தன் கையையே வெட்டிப் போடலாம் என்று தோன்றியது.

உடும்பு வழிகாட்ட, நடுக்காட்டுப் பாறைக்குப் போனாள். அகலமான பாறை. அதன்மேல் கட்டம் கட்டமாகக் கீறியிருந்தது. கட்டங்களில் கூழாங்கற்கள். சுற்றிலும் குறளிகள் உட்கார்ந்து எலும்புக் கட்டைகள் இரண்டை உருட்டிக்கொண்டிருந்தன. பக்கத்திலேயே ஊர்க்காரர்கள் வைத்த தினைமாவு குவியலாகக் கிடந்தது. ஒரு குறளி கட்டையை உருட்டியது. ஐந்து விழுந்தது. வெள்ளைக் கல் ஒன்றை எடுத்து ஐந்து கட்டம் தள்ளி வைத்தது. "பனைமரத்துல கட்டிப்போட்டும் நடக்கறான் பாரு!" என்றது. மற்றவை விழுந்து விழுந்து சிரித்தன.

அந்த வெள்ளைக் கல்தான் செங்கோடன்.

"ஆருடா என்ற புருசனை ஆட்டறது?"

குறளிகள் திரும்பின. தலைக்குறளி எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, ரொம்ப நல்லபிள்ளை போல, "நாங்க ஆரையும் கூப்பிடலையே அம்மிணி" என்றது. "வாரோமுங்கன்னு அவனேதான் சொன்னான். வாரேன்னவனை இறக்கினோம். எங்க தப்பு என்ன?"

"அது மரியாதைடா! அடுத்தவன் எடத்துல நுழையறவன் சொல்லற மரியாதை. மரியாதை குடுத்தவனைக் கல்லாக்கி விளையாடறதுதான் உங்க பொழப்பா? தூ!"

"சரி, சரி. கோவிச்சுக்காத. இறங்கின காயை நாங்களா எடுக்கற வழக்கம் இல்லை. கட்டை சொல்லணும். நீயே உருட்டு. ஒன்னு விழுந்தா உன்ற புருசனைக் கூட்டிட்டுப் போ."

"விழலைன்னா?"

"விழற வரைக்கும் உருட்டு! அது வரைக்கும் கட்டை உன்ற கையிலதான். நாங்க தொடமாட்டோம்." பின்னால் இருந்த குறளிகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கின.

"பாறை மேல சத்தியம் பண்ணு."

தலைக்குறளி பாறையில் ஓங்கி அடித்துச் சத்தியம் செய்தது. அந்தப் பாறையில் சத்தியம் செய்து மீறின குறளி அங்கேயே சாம்பலாகிவிடும். அது ஊரறிந்த குறளிக் குலத்துச் சட்டம்.

மசக்காள் கட்டைகளை எடுத்தாள். ஒவ்வொரு கட்டைக்கும் நான்கு பக்கம். மூன்று பக்கங்களில் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி. நான்காவது பக்கம் மொட்டை. ஒன்று விழ வேண்டுமென்றால் ஒரு கட்டை ஒற்றைப் புள்ளியைக் காட்ட வேண்டும், மற்றது மொட்டையாக விழ வேண்டும். உருட்டினாள். ஐந்து. உருட்டினாள். மூன்று. இரண்டும் மொட்டையாக விழுந்து பன்னிரண்டு. மறுபடி ஐந்து. உள்ளங்கை சிவந்தது, பிறகு கொப்பளித்தது. மறுநாள் உச்சிவேளை வரைக்கும் உருட்டினாள். ஒன்று மட்டும் விழவே இல்லை. குறளிகள் ஒவ்வொரு உருட்டுக்கும் கைதட்டின.

உடும்பு மெதுவாக அவள் காதருகே ஊர்ந்து வந்தது. "அதுல ஒன்னு விழாது ஆத்தா. எலும்புக்குள்ள அரக்கு உருக்கி ஊத்தி வெச்சிருக்காங்க. சின்ன எண்ணு விழுந்தா ஆட்டத்துல ருசி இல்லைன்னு."

அங்கே ஒருத்தன் கால் தேய்ந்து சாகிறான், இங்கே இவை கைதட்டுகின்றன! கட்டைகளைப் பாறையில் அடித்துச் சில்லுச் சில்லாக்கிவிடக் கையை ஓங்கினாள்.

"ஐயோ, உடைச்சுறாத!" என்று குறளிகள் எல்லாம் ஒரே குரலில் அலறின.

ஓங்கிய கை நின்றது. இந்த அலறலில் கேலி இல்லை, பயம் இருந்தது. அவள் கட்டத்தைப் பார்த்தாள். நேற்றிலிருந்து ஒரு கல்கூட நகரவில்லை. எப்படி நகரும்? கட்டை இவள் கையில் அல்லவா இருக்கிறது! கல் நகரவில்லை என்றால் செங்கோடன் கால் நின்றிருக்கும். காட்டில் மாட்டிய அத்தனை பேருடைய காலும் நின்றிருக்கும். குறளிகளைப் பார்த்தாள். ஒன்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. ஒன்று வெறுங்கையை உருட்டிக்கொண்டிருந்தது.

மசக்காள் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கட்டைகளை மடியில் போட்டுக் கட்டிக்கொண்டாள். கோபம் எங்கேயும் போகவில்லை. அதுவும் அவளோடு கூடவே உட்கார்ந்துகொண்டது.

"உருட்டு!" என்றது தலைக்குறளி.

"உருட்டறேன். என்ன அவசரம்? என்ற புருசன் ஒரு மாசமா நடந்தானே, அவனுக்கு அவசரம் பாத்தீங்களா?" என்றவள், குவியலில் இருந்து ஒரு பிடி தினைமாவை அள்ளி வாயில் போட்டாள். "நான் இடிச்ச மாவுதானே!"

காலையில் ஒரு தடவை உருட்டுவாள், மாலையில் ஒரு தடவை உருட்டுவாள். ஒன்று விழாது. சாவகாசமாக மடியில் கட்டிக்கொள்வாள். மூன்றாம் நாள் குறளிகள் ஒன்றையொன்று கிள்ளிக்கொண்டன. நான்காம் நாள் கடித்துக்கொண்டன. அவற்றுக்கு வேறு வேலை தெரியாது, வேறு சந்தோசமும் தெரியாது. அடுத்தவனை அலைக்கழிப்பது ஒன்றுதான் தெரியும். அது நின்றுபோனதும் புழுவாகத் துடித்தன. ஐந்தாம் நாள் தலைக்குறளி தலையிலடித்துக்கொண்டு வந்தது.

"உன்ற புருசன் கல்லை எடுத்துக்க. கட்டையக் குடு."

"அது எப்படி? கட்டை சொல்லணும்னியே. ஒன்னு விழட்டும்."

"விழ வேண்டாம்! சும்மா எடுத்துட்டுப் போ தாயே!"

"ஒரு கல்லு பத்தாது. அத்தனை கல்லும் வேணும்."

குறளிகள் பல்லைக் கடித்தபடி அத்தனை கல்லையும் வழித்து அவள் முன்னால் கொட்டின. மசக்காள் முந்தானையில் அள்ளிக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை.

"இன்னும் என்னடீ?"

"இனிமேல் ஆரு காட்டுக்குள்ள வந்தாலும், வாரோமுங்கன்னு சொன்னாலும் சொல்லாட்டியும், முதல்ல ஒன்னு விழணும். ஒன்னு விழாம ஒரு காயையும் இறக்கக் கூடாது. எனக்கு வெச்ச சட்டம் உங்களுக்கும்தான். சத்தியம் பண்ணு."

அவள் சொல்லி முடிக்கும் முன்பே தலைக்குறளி பாறையில் அடித்துவிட்டது. அவ்வளவு கை அரிப்பு. மசக்காள் மடியை அவிழ்த்துக் கட்டைகளை அதன் மூஞ்சியில் விட்டெறிந்தாள். குறளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து பொறுக்கின. இவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பின்னால் கட்டை உருளும் சத்தம் கேட்டது. ஐந்து என்று ஒரு குரல். மூன்று என்று ஒரு குரல். பன்னிரண்டு. மறுபடி ஐந்து. அப்புறம் காடே கிடுகிடுக்க ஓர் அலறல். "அரக்கை ஊத்தினது எவன்டா?"

எலும்புக்குள் உருக்கி ஊற்றிய அரக்கு, எலும்பை உடைக்காமல் வெளியே வராது. உடைத்தால் கட்டை இல்லை. குறளிகள் அடித்துக்கொண்டு புரண்ட சத்தம் காட்டைத் தாண்டுகிற வரைக்கும் மசக்காள் காதில் கேட்டது.

பனைமரத்தடிக் குழியில் கால் நீட்டிச் செங்கோடன் தூங்கிக்கொண்டிருந்தான். மசக்காள் கயிற்றை அவிழ்த்து, அவன் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "துண்டை அவுத்தீங்களே மாமா, எதுக்கு அவுத்தீங்க?" என்று அவனைத் திட்டித் திட்டியே அழுதாள்.

கல் விடுபட்டதும் காட்டிலிருந்து திரும்பி வந்தவர்களுக்கு அந்தச் சுற்றுப்பாதை முழுக்கக் காலோடு மனப்பாடமாகியிருந்தது. அதைத் தரையில் கீறிக் காட்டியவர்கள் அவர்கள்தான். புளியங்கொட்டையைக் காயாக வைத்து, அரக்கில்லாத பித்தளைக் கட்டையில் ஊரார் ஆடத் தொடங்கினார்கள். மசக்காள் வாங்கிய சத்தியத்தை மட்டும் யாரும் மாற்றவில்லை. அந்த ஒன்றுக்குத் தாயம் என்று பேர் வைத்தார்கள்.

அன்று முதல்தான் தாயம் விழாமல் எந்தக் காயும் கட்டத்தில் இறங்குவதில்லை. ஆட்டுகிறவர் பல்லைக் கடித்துக்கொண்டு உருட்டி உருட்டிக் கொதிக்க, காய் மட்டும் கட்டத்துக்கு வெளியே நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறது.