மருதாணிக்காரியின் மூவாயிரம் நண்பர்கள்

காரைக்குடியில் மணப்பெண்களுக்கு மருதாணி போடும் வடிவாம்பாள் வேறொரு சமூக வலைத்தளத்துக்கு மாற நினைத்தாள். பழைய தளத்தில் சேர்ந்த மூவாயிரம் நண்பர்களை விட்டுப்போனால் பிழைப்பே போய்விடும். நண்பர்களையும் கூடவே கொண்டுபோக விடுவீர்களா என்று அந்தப் பழைய தளத்தார் நடத்திய கூட்டத்திலேயே எழுந்து கேட்டாள்.

மேடையிலிருந்த மேலாளர் சிரித்தார். “நீ தாராளமா போம்மா. நண்பர்கள் எங்க சொத்து. ஒருத்தரையும் தரமாட்டோம்.”

“நல்லதுங்க சார். அந்தச் சொத்துல பதினேழு பேருக்கு இந்த மாசம் கல்யாணம். மருதாணியையும் நீங்களே போட்டுவிட்ருங்க.”

கூட்டத்திலிருந்த மணப்பெண் ஒருத்தி விறுவிறுவென்று மேடையேறிக் கைகளை நீட்டினாள். “மயில் போடுவீங்களா சார், மாங்காயா?”

அரங்கமே அதிர்ந்து சிரித்தது. மேலாளர் அவசரமாகத் தன் ஊழியர்கள் பக்கம் திரும்பினார். “அந்தம்மா கேட்டதை எல்லாம் குடுத்தனுப்புங்கப்பா!”

மறுநாளே மூவாயிரம் பேரும் புதிய தளத்தில் வடிவாம்பாளோடு இருந்தார்கள். மூவாயிரத்து ஒன்றாவதாக மேலாளரும் வந்து சேர்ந்தார். அவர் மகளுக்குத் தை மாதம் கல்யாணமாம்.