உப்புக் கஞ்சி

“காலையில அத்தனை பேரும் வரிசையா நின்னு ஒரே குரல்ல சொல்வோம், மதர். உண்மை. அக்கறை. ஒற்றுமை. அதுக்கப்புறம்தான் மெஷினையே தொடுவோம். அப்படியிருந்தும் எனக்கு ஏன் இப்படி?”

ஜெசிந்தா அழுதாள். பள்ளிக்கூட நாளிலிருந்தே கன்னியர் மடத்து மதர் தெக்லாவிடம் அழுது பழகியவள்.

அவள் நடத்தும் தையல் கம்பெனியில், வேலைக்கு வரும் பெண்களின் கைக்குழந்தைகளுக்கென்று ஓர் அறை உண்டு. போன மாதம் அங்கே ஒரு தொட்டிலின் கொக்கி முறிந்தது.

குழந்தை பிழைக்கவில்லை.

“கொக்கி தேய்ஞ்சிருந்தது எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் தெரியல. ஒருத்திகூட வாய் திறக்கலையே, மதர்! நாளைக்கு அந்த அறையை மறுபடி திறக்கணும். யாரை நம்பித் திறப்பேன்?”

மதர் கஞ்சிக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

ஜெசிந்தா ஒரு வாய் குடித்தாள். நிறுத்தினாள்.

பிறகு மடமடவென்று முழுவதையும் குடித்து முடித்தாள்.

“எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு, மதர்.”

அடுப்படியிலிருந்து சமையல்கார சவரியம்மாள் ஓடிவந்தாள்.

“குடிச்சிடாதீங்க! உப்பை ரெண்டு தரம் போட்டுத் தொலைச்சிட்டேன். ஐயையோ, குடிச்சே முடிச்சாச்சா?”

“இதுக்கு நீ கடல் தண்ணியையே மொண்டு வந்திருக்கலாம்,” என்றார் மதர்.

“ஞாயித்துக்கிழமை நீங்க பேசின பேச்சுல உப்பே இல்ல, மதர். அதுக்கும் சேர்த்துப் போட்டுட்டேன்.”

இருவரும் சிரித்தார்கள். சவரியம்மாள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

மதரின் சிரிப்பு அடங்கியது.

“நீ ஏம்மா சொல்லல?”

“எப்படி மதர் சொல்றது? நீங்க ஆசையா கொடுத்தீங்க. உங்க முகம் வாடிடுமேன்னு…”

சொல்லும்போதே அவளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது.

கொக்கி முறிவதற்குச் சில நாள் முன்பு, ஒரு காலை, அந்த அறையின் ஆயா தங்கபுஷ்பம் அவள் மேஜை முன்னால் வந்து நின்றாள். முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

“நம்ம தொட்டில் அறை மாதிரி இந்த ஊர்ல வேற எங்கயாவது உண்டா, தங்கபுஷ்பம்?” முகம் மலரக் கேட்டது ஜெசிந்தாதான்.

ஆயா அந்த முகத்தைப் பார்த்தாள்.

“நல்லா இருக்கு, மேடம்.”