எண்ணெயைத் துடைத்தவன்

வெகு காலத்துக்கு முன்னே வெண்குன்ற நாட்டைப் பூபாலதுங்கன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனசுதான். ஆனால் கடைசியாக யார் காதில் ஓதினார்களோ அவர்கள் சொன்னதே அவனுக்கு வேதவாக்கு. கடைசியாக ஓதுகிறவர் எப்போதும் பிரதானி அம்பலவாணர். அப்புறம் கேட்க வேண்டுமா!

அந்தச் சபைக்கு ஒச்சப்பன் என்ற குடியானவன் வந்தான். அவன் ஊர் ஏரிக்கரை போன இரண்டு வருஷமும் மழைக்கு உடைந்துவிட்டது. மறுபடி நாங்களே கட்டிக்கொள்கிறோம், அரண்மனைக் குன்றிலிருந்து கல் மட்டும் கொடுங்கள், இந்த வருஷமும் பயிர் இல்லையென்றால் ஊரைக் காலி செய்ய வேண்டியதுதான் என்றான்.

"இரண்டு தடவை தோற்றவனுக்கு மூன்றாவது தடவை எதற்கு? பட்ட பாடெல்லாம் வீண்," என்றார் பிரதானி. ராஜாவும் தலையாட்டினான்.

ஒச்சப்பன் அசரவில்லை. உறியடித் திருவிழாவுக்காக அரண்மனை வாசலில் வழுக்கு மரம் நட்டிருந்தார்கள். அடி முதல் நுனி வரை எண்ணெய், உச்சியில் பரிசு முடிப்பு. அதில் ஏறினால் கல் கிடைக்குமா, எத்தனை தடவை விழுந்தாலும் விடுவீர்களா என்று கேட்டான். பிரதானிக்கு ஒரே குஷி. விழட்டும், சிரிக்கலாம் என்று அவரே ராஜாவைச் சம்மதிக்க வைத்தார்.

ஒச்சப்பன் மணலில் புரண்டெழுந்து மரத்தைக் கட்டிப்பிடித்தான். ஓர் ஆள் உயரம் ஏறிச் சறுக்கி விழுந்தான். மறுபடி மணல், மறுபடி மரம். எட்டாவது தடவை முழங்கால் சிராய்த்து ரத்தம் வந்தது. பிரதானி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பன்னிரண்டாவது தடவை அவன் விறுவிறுவென்று உச்சிக்குப் போய் முடிப்போடு இறங்கினான்.

"எண்ணெய்தான் போய்விட்டதே. இனி யார் வேண்டுமானாலும் ஏறலாம்," என்று கத்தினார் பிரதானி.

"அந்த எண்ணெய் எங்கே போச்சு சாமி?" என்றான் ஒச்சப்பன். "விழுந்த ஒவ்வொரு தடவையும் என் உடம்பில் துடைத்துக்கொண்டல்லவா வந்தேன்? மகாராஜா, எங்கள் கரையும் அப்படித்தான். முதல் தடவை உடைந்தபோது மண் மட்டும் போதாது என்று தெரிந்தது. இரண்டாம் தடவை உடைந்தபோது எந்த இடத்தில் கல் வைக்க வேண்டும் என்று தெரிந்தது."

ராஜா அன்றைக்குத்தான் பிரதானியின் முகத்தைப் பார்க்காமல் உத்தரவு போட்டான். "நூறு வண்டி கல் போகட்டும். கூடவே பிரதானியும் போய், கரை முடியும்வரை மண் சுமக்கட்டும்."

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பித் தளும்பியது. கரை அசையவில்லை. "நம்ம கரை நின்றுவிட்டது, நம்ம கரை நின்றுவிட்டது" என்று முதலில் குதித்தவர் யார் என்கிறீர்கள்? தலையில் சும்மாட்டோடு நின்ற பிரதானிதான்.